ஆபரேட்டர் திரை மென்பொருள்களை எப்படி ஒப்பிடுவது?

நள்ளிரவு தாண்டிய ஷிப்ட். கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரு டேங்கின் படம். பக்கத்தில் அதன் மட்டம்: 62.4 சதவீதம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் 62.4. ஒரு மணி நேரம் கழித்தும் அதே 62.4. டேங்க் உண்மையிலேயே அசையாமல் நிற்கிறதா, இல்லை எங்கோ ஒரு கேபிள் கழன்று, கடைசியாக வந்த எண் அப்படியே உறைந்து கிடக்கிறதா? திரைக்கு முன்னால் இருக்கிற ஆபரேட்டருக்கு இது உட்கார்ந்த இடத்திலேயே தெரிய வேண்டும்.

ஆலைகளுக்கான திரை மென்பொருள்களை முதல்முறையாக ஒப்பிட உட்காருகிறவர்கள் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். விற்பனை டெமோவில் எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் இருக்கும். முப்பரிமாண டேங்குகள், சுழலும் பம்புகள், குழாய்க்குள் ஓடுகிற நீலத் தண்ணீர். டெமோவில் எதுவும் பழுதாவதில்லை, அதனால் எல்லாமே சமமாகத் தெரியும். ஆலையில் ஏதோ ஒன்று கெடுகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு வெளியே வரும்.

ஓர் எண் திரைக்கு வரும் வழி

டேங்கில் ஒரு லெவல் டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. அளந்த மட்டத்தை அது இரண்டு கம்பிகளில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்புகிறது. காலி என்றால் 4, முழுக்க நிறைந்தால் 20, பாதி என்றால் 12. நம்முடைய 62.4 சதவீதம் கம்பியில் ஏறத்தாழ 13.98 மில்லி ஆம்பியராக ஓடுகிறது. ஆலையை நேரடியாக ஓட்டுகிற சிறு கணினியான பிஎல்சி அதைப் படித்து, எண்ணாக மாற்றி, தன் நினைவகத்தில் ஓரிடத்தில் வைக்கிறது. திரை மென்பொருள் நொடிக்கு ஒருமுறையோ அதற்குச் சற்று முன்பின்னாகவோ பிஎல்சியிடம் 'அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வந்த பதிலுக்கு அது வைத்திருக்கிற பெயர்தான் டேக். திரையில் நீங்கள் பார்க்கிற ஒவ்வோர் எண்ணுக்கும், ஒவ்வொரு பச்சை சிவப்பு விளக்குக்கும் பின்னால் ஒரு டேக் இருக்கிறது.

மின்னோட்டம் ஏன் 0-வில் தொடங்காமல் 4-ல் தொடங்குகிறது? கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும். காலி டேங்கையும் அறுந்த கம்பியையும் பிரித்தறியத்தான் இந்த ஏற்பாடு. ஆலைத் தானியக்கத்தைப் பயன்படுத்துவோரின் அமைப்பான நாமூரின் என்இ 43 பரிந்துரைப்படி, 3.6-க்குக் கீழே இறங்கினாலோ 21-க்கு மேலே ஏறினாலோ கருவி பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக, இரண்டு கம்பிக்குக்கூட 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லத் தெரியும். பிஎல்சி, நெட்வொர்க், பிஎல்சியின் மொழியைப் புரிந்துகொள்ளும் டிரைவர் மென்பொருள், டேக் என்று நான்கு கை மாறித் திரைக்கு வருவதற்குள் அந்தச் செய்தி தொலைந்துவிடுகிறதா என்பதே ஒப்பீட்டின் முதல் கேள்வி.

எந்த மொழியில் இவை பேசிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்து விடை மாறும். 1979-ல் வந்து இன்றும் ஆலைதோறும் ஓடுகிற மாட்பஸ், 16 பிட் எண்களையும் ஒற்றை பிட்டுகளையும் மட்டுமே சுமந்து வரும். அந்த எண் மீட்டரா சதவீதமா, நம்பத் தக்கதா, எப்போது அளந்தது என்று எதுவும் அதில் இல்லை. தசம எண் வேண்டுமென்றால் இரண்டு இடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். எது முதல் பாதி, எது இரண்டாம் பாதி என்பதில் இரு தரப்பும் முரண்பட்டால் திரையில் பொருளற்ற பெரிய எண் வந்து நிற்கும். புதிய ஆலையை ஓட்டத் தொடங்கும் முதல் வாரத்தில் இதைப் பார்க்காத பொறியாளர் அரிது.

1996-ல் வந்த ஓபிசி என்ற தகவல் பரிமாற்றத் தரநிலை இந்தக் குறையைத் தீர்த்தது. அது ஒவ்வோர் அளவையும் மூன்று துண்டுகளாக அனுப்பும்: மதிப்பு, தரம், நேரம். தரம் என்பது நல்லது, ஐயத்துக்குரியது, கெட்டது என்ற மூன்றில் ஒன்று. பழைய ஓபிசி மைக்ரோசாஃப்டின் தொழில்நுட்பத்தோடு கட்டுண்டு கிடந்தது. பின்னால் வந்த ஓபிசி யுஏ எந்த இயங்குதளத்திலும் ஓடும், பாதுகாப்பும் உள்ளேயே இருக்கும். எனவே புதிதாக வாங்கும்போது 'ஓபிசி யுஏ உண்டா?' என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். தரம் 'கெட்டது' என்று வந்தால் திரையில் என்ன மாறும் என்று கேளுங்கள். சில மென்பொருள்கள் எண்ணைச் சுற்றித் தாமாகவே ஒரு குறியைப் போட்டுவிடும். சிலவற்றில் பொறியாளர் ஒவ்வோர் எண்ணுக்கும் தனியாக எழுதி வைக்க வேண்டும். தனியாக எழுத வேண்டிய வேலை என்றால், அவசரத்தில் பாதி விட்டுப்போகும்.

மூன்று வகை, ஒரே பெயர்

கடையில் எல்லாவற்றையும் ஹெச்எம்ஐ என்றே சொல்வார்கள். மனிதனும் இயந்திரமும் சந்திக்கிற இடம் என்று பொருள். ஆனால் வகை வேறு வேறு. வகை மாறி ஒப்பிட்டால் ஒப்பீடே தவறிவிடும்.

முதல் வகை, இயந்திரத்தின் மேலேயே பொருத்துகிற சிறு தொடுதிரை. ஒரே ஓர் இயந்திரத்துக்கு அது போதும்.

இரண்டாவது வகை ஸ்காடா. சாதாரணக் கணினியிலும் சர்வரிலும் ஓடும், பல நிறுவனங்களின் பிஎல்சிகளோடு பேசும். 1987-ல் தொடங்கிய வொண்டர்வேர் நிறுவனத்தின் இன்டச் விண்டோஸில் ஓடிய ஆரம்பகாலத் திரை மென்பொருள்களில் ஒன்று, இப்போது அது அவேவா நிறுவனத்திடம் இருக்கிறது. சீமென்ஸின் வின்சிசி, ராக்வெல்லின் ஃபேக்டரிடாக் வியூ, ஐஃபிக்ஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்த சிடெக்ட், 2010-ல் வந்த இக்னிஷன் எல்லாம் இந்த வரிசை. சீமென்ஸின் வின்சிசி ஓஏ பெயரில் வின்சிசியின் தம்பி போலத் தெரிந்தாலும் உள்ளே வேறு மென்பொருள். ஆஸ்திரியாவின் இடிஎம் நிறுவனம் உருவாக்கியது அது, செர்ன் ஆய்வகத்தின் பெரும் துகள் முடுக்கியில் ஓடுகிறது. துகள் முடுக்கிகளின் உலகத்தில் எபிக்ஸ் என்ற திறமூல மென்பொருளும் நன்றாக வேரூன்றியிருக்கிறது.

மூன்றாவது வகை டிசிஎஸ். 1975-ல் ஹனிவெல்லின் டிடிசி 2000, யோகோகாவாவின் சென்டம் ஆகியவற்றோடு தொடங்கிய குடும்பம் இது. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை போன்ற பெரிய தொடர் உற்பத்தி ஆலைகளில் பெரும்பாலும் இதுதான். இங்கே திரையும் கட்டுப்படுத்தியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கட்டுப்படுத்தியில் ஒரு பகுதியை உருவாக்கினால் அதற்கான டேக், அலாரம், ஃபேஸ்பிளேட் எனப்படும் சிறு இயக்கச் சாளரம் எல்லாம் கூடவே பிறந்துவிடும். ஸ்காடாவில் பிஎல்சிப் பக்கம் ஒருமுறை, திரைப் பக்கம் ஒருமுறை என்று இரண்டு முறை செய்ய வேண்டிவரும், இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் வேலையும் நம் தலையில். விலையில் டிசிஎஸ் கூடுதல்தான். அந்த விலைக்குள் இந்த உழைப்பும் அடங்கியிருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிடக் கூடாது.

சொன்னதா, நடந்ததா?

திரையில் ஒரு வால்வு பச்சையாக இருக்கிறது. 'திற' என்று நாம் கட்டளை அனுப்பியதால் பச்சையா, வால்வு உண்மையில் திறந்ததை அதன் மேலுள்ள சுவிட்ச் உறுதி செய்ததால் பச்சையா?

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் இந்த வேறுபாடுதான் பெரும் விபத்தாக முடிந்தது. அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் பலகையில் இருந்த விளக்கு, வால்வை மூடச் சொல்லும் கட்டளை போய்ச் சேர்ந்ததை மட்டுமே காட்டியது. விளக்கைப் பார்த்த ஆபரேட்டர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அதன் வழியே குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலைக்கருவின் ஒரு பகுதி உருகியது.

இன்றைய மென்பொருளில் வால்வுக்கு டெம்ப்ளேட் எனப்படும் ஆயத்த வார்ப்பு ஒன்று இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். கட்டளை ஒன்று, நிலை ஒன்று என்று இரண்டும் தனித்தனியாக இருக்கின்றனவா? கட்டளை கொடுத்துக் குறிப்பிட்ட நொடிகளுக்குள் வால்வு நகரவில்லை என்றால் தானாக அலாரம் வருமா? நகர்ந்துகொண்டிருக்கும்போது திறந்ததற்கும் மூடியதற்கும் இடைப்பட்ட மூன்றாவது தோற்றம் உண்டா? வார்ப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்று விற்பனையாளர் சொல்வார். எண்ணிக்கையை விடுங்கள். ஒரே ஒரு வால்வை எடுத்து இப்படிப் பிரித்துப் பார்த்தாலே அந்த மென்பொருளை உருவாக்கியவர்கள் ஆலையைப் பார்த்தவர்களா என்று தெரிந்துவிடும்.

அலாரம்: இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும்

1994 ஜூலை 24 அன்று பிரிட்டனில் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் இடி மின்னலால் ஆலையின் ஓட்டம் குலைந்தது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்து வெடித்தது. திரையில் திறந்திருப்பதாகத் தெரிந்த ஒரு கட்டுப்பாட்டு வால்வு உண்மையில் மூடியிருந்தது. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் மட்டும் இரண்டு ஆபரேட்டர்கள் 275 அலாரங்களைக் கவனித்து, ஏற்று, செயல்பட வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 25. ஒவ்வொன்றுக்கும் இரண்டரை நொடிகூட இல்லை. அந்த 275-க்குள் பயன்படக்கூடிய தகவல் இருந்திருக்கலாம். படிக்க முடியாத வேகத்தில் வந்தால் அது தகவலே அல்ல.

இதற்குப் பின் 1999-ல் பிரிட்டனில் அலாரங்களுக்கான ஈஈஎம்யுஏ 191 வழிகாட்டி வந்தது. 2009-ல் ஐஎஸ்ஏ 18.2 தரநிலை வந்தது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம், அதாவது நாளைக்கு ஏறத்தாழ 144 வரை, ஓர் ஆபரேட்டரால் நிதானமாகக் கையாள முடியும் என்பது இவை தருகிற அளவுகோல். பத்து நிமிடத்தில் பத்துக்கு மேல் வந்தால் அதை அலார வெள்ளம் என்கிறார்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை சில சிறிய வசதிகள்தான் இந்த வெள்ளத்துக்கு அணை. டேங்கின் உயர் மட்ட அலாரம் 80 சதவீதத்தில் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அலையடித்து மட்டம் 79.8-க்கும் 80.2-க்கும் நடுவே ஆடுகிறது. ஒவ்வோர் அலைக்கும் அலாரம் அடித்து, அணைந்து, மறுபடி அடிக்கும். இரண்டு சதவீத இடைவெளி விட்டால், 80-ல் அடித்த அலாரம் 78-க்குக் கீழே இறங்கினால்தான் அணையும். சில நொடித் தாமதமும் சேர்த்தால் அந்தத் தொல்லை அடங்கிவிடும். பழுதான ஒரு சென்சாரின் அலாரத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் வசதியும் வேண்டும். ஆனால் குறித்த நேரம் முடிந்ததும் அது தானாகத் திரும்பி வர வேண்டும், யார் ஒதுக்கினார் என்ற பதிவும் இருக்க வேண்டும். நிறுத்தி வைத்திருக்கிற பம்பிலிருந்து 'ஓட்டம் குறைவு' என்று அலாரம் வருவது பொருளற்றது. ஆலையின் நிலையைப் பார்த்து இத்தகையவற்றை அடக்கும் திறன் மென்பொருளுக்கு உண்டா என்றும் கேட்க வேண்டும்.

பலர் கேட்க மறக்கிற இன்னொன்று, அலாரத்தின் நேரத்தை யார் குறிக்கிறார்கள் என்பது. திரை மென்பொருள் தான் படித்த நேரத்தைக் குறித்தால், நொடிக்கு ஒருமுறை படிக்கும்போது 200 மில்லி நொடி இடைவெளியில் நின்ற இரண்டு இயந்திரங்களும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் நின்றதாகவே பதிவாகும். எது முதலில் நின்று மற்றதை இழுத்தது என்று மறுநாள் யாராலும் சொல்ல முடியாது. நிகழ்ந்த இடத்திலேயே, பிஎல்சியிலேயே நேரத்தைக் குறித்து அனுப்புவதை அந்த மென்பொருள் ஏற்குமா என்று பாருங்கள்.

அழகான திரையும் பயன்படும் திரையும்

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில், 52 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றுக்குள் திரவம் போய்க்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. உள்ளே போகும் ஓட்டம் ஒரு திரையில். வெளியே வரும் ஓட்டம் வேறொரு திரையில். இரண்டையும் கழித்துக் காட்ட எதுவும் இல்லை. மட்டம் காட்டும் கருவியோ மட்டம் மெல்லக் குறைவதாகக் காட்டியது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். காரணங்கள் பல இருந்தன. அவற்றில் இரண்டு எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இல்லாமல் போனதும் ஒன்று என்பதை என்னால் மறக்க முடிவதில்லை.

இதைத் தடுப்பது மென்பொருளின் வேலையா, திரையை வரைகிறவரின் வேலையா? பெரும்பகுதி வரைகிறவருடையதுதான். 2015-ல் வந்த ஐஎஸ்ஏ 101 தரநிலை அதற்கான ஒழுங்கைத் தருகிறது: மொத்த ஆலையின் மேலோட்டம் ஒரு திரை, அதற்குக் கீழே பகுதிகள், அதற்கும் கீழே விவரங்கள் என்று படிப்படியாக. இயல்பான நிலையில் எல்லாம் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கட்டும், பிறழ்ந்தது மட்டும் நிறத்தோடு எழுந்து நிற்கட்டும் என்ற முறையும் இப்போது பரவலாகிவிட்டது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு உயிரில்லாத திரை போலத் தோன்றும். ஒரு வாரம் அதோடு வேலை செய்தால் கண் எதைத் தேட வேண்டும் என்று தவிப்பதில்லை. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத ஆண்கள் பலர் இருப்பதால், நிறத்தோடு வடிவமோ எழுத்தோ சேர்ந்து வருவதும் அவசியம்.

மென்பொருளின் பங்கு, இப்படி வரைவதை எளிதாக்குகிறதா என்பதில் இருக்கிறது. நேற்றைய போக்கையும் இன்றைய எண்ணையும் ஒரே சிறு படத்தில் காட்டும் டிரெண்டை எந்த மூலையிலும் வைக்க முடிகிறதா? பளபளக்கும் டேங்குகளை மட்டும் கொடுத்துவிட்டு, இதற்கெல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கிரிப்ட் எழுதச் சொல்கிறதா?

நாற்பது பம்புகளும் ஒரு தவறும்

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் பம்பின் படத்தை நகலெடுத்து ஒட்டி ஒட்டி நாற்பது பம்புகளுக்குத் திரை செய்திருந்தார்கள். ஏழாவது பம்பின் படத்தில் பெயர் சரி, ஓட்ட அளவு சரி, இயக்கும் பொத்தான் சரி. நிறுத்தும் பொத்தானில் மட்டும் ஆறாவது பம்பின் டேக் அப்படியே இருந்துவிட்டது. ஒரு நாள் ஏழை நிறுத்தினால் ஆறு நின்றது. பாதிப்பு பெரிதாக இல்லை, ஆனால் அன்றிலிருந்து அந்தத் திரையை ஆபரேட்டர்கள் நம்பவில்லை. எந்தப் பொத்தானைத் தொட்டாலும் வாக்கி டாக்கியில் களத்தில் இருப்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த வேலை.

அதனால் வார்ப்பு முறை எனக்கு மிக முக்கியம். பம்பு என்று ஒரே ஒரு வார்ப்பு. 'நீ ஏழாவது பம்பு' என்று ஒரே இடத்தில் சொன்னால் மீதி எல்லா டேக்கும் தானாகப் பொருந்திக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து எல்லாப் பம்புக்கும் அதிர்வு அளவு சேர்க்கச் சொன்னால், வார்ப்பில் ஒருமுறை சேர்த்தால் நாற்பதிலும் வந்துவிட வேண்டும். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில் இது உண்டு. ஆனால் எவ்வளவு ஆழத்துக்கு உண்டு என்பது மாறும். சிலவற்றில் படம் மட்டும் மாறும், அலாரமும் வரலாற்றுப் பதிவும் கைவேலையாகவே இருக்கும்.

விலையைப் படிக்கும் முறை

டேக் எண்ணிக்கைக்கு விலை, பார்க்கும் கணினிகளின் எண்ணிக்கைக்கு விலை, சர்வருக்கு ஒரே விலை என்று மூன்று முறைகள். இக்னிஷன் மூன்றாவது வகை: ஒரு சர்வருக்கு வாங்கினால் டேக்குக்கும் பார்க்கும் கணினிக்கும் எண்ணிக்கை வரம்பில்லை. டேக் கணக்கில் வாங்குகிறவர்கள் கொஞ்சம் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஒரு வால்வுக்குக் கட்டளை, திறந்த நிலை, மூடிய நிலை, பழுது, தானியங்கு நிலை முதலியவை சேர்ந்து எட்டு டேக் என்றால் 200 வால்வுக்கு 1,600. அளந்து தானாகச் சரிசெய்கிற ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றுக்குப் பன்னிரண்டு என்றால் 100 சுற்றுக்கு 1,200. '300 கருவிகள்தானே, 500 டேக் போதும்' என்று நினைத்தவருக்கு 2,800 வந்து நிற்கும். சில மென்பொருள்கள் பிஎல்சியோடு இணைந்த டேக்குகளை மட்டும் எண்ணும், சில உள்ளே உருவாக்குகிறவற்றையும் எண்ணும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆலையின் ஆயுள் இருபது முப்பது ஆண்டு, கணினியின் ஆயுள் அப்படியல்ல. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் பொது ஆதரவு முடிந்தது. அதாவது ஓர் ஆலையின் வாழ்நாளில் திரை மென்பொருளை மூன்று நான்கு முறை மேம்படுத்த வேண்டிவரும். பழைய பதிப்பில் வரைந்த திரைகள் புதிய பதிப்பில் அப்படியே திறக்குமா என்பதை விலைப் பேச்சின்போதே கேட்டுவிட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: 2010-ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, வின்சிசியின் தரவுத்தளத்தில் மாற்ற முடியாமல் பதித்து வைத்திருந்த கடவுச்சொல்லைப் பயன்படுத்தி உள்ளே நுழைந்தது. பதிவு செய்து வைத்த இயல்பான அளவுகளைத் திரும்ப ஓட்டி, நடப்பதை மறைத்தது. ஆலைக் கணினிப் பாதுகாப்புக்கான ஐஇசி 62443 தரநிலையைப் பின்பற்றுகிறார்களா, ஒவ்வோர் ஆபரேட்டருக்கும் தனி உள்நுழைவு உண்டா, யார் எந்த செட் பாயின்டை, அதாவது இலக்கு அளவை, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு மாற்றினார் என்ற பதிவு அழிக்க முடியாதபடி இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து ஆலை என்றால் இந்தப் பதிவு சட்டப்படியே தேவைப்படும்.

ஒரே திரை, ஒரே கேபிள்

பட்டியலில் இரண்டு மென்பொருள்கள் மிஞ்சும்போது, இரண்டிலும் ஒரே திரையைக் கட்டச் சொல்லுங்கள். ஒரு டேங்க், இரண்டு வால்வு, ஒரு பம்பு, ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று போதும். பின்புலத்தில் உண்மையான பிஎல்சி ஒன்று ஓடட்டும். கட்ட எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதையே ஐம்பது மடங்காகப் பெருக்கச் சொல்லி, அந்த நேரத்தையும் குறியுங்கள். 50 என்று இருக்கிற செட் பாயின்டில் 500 என்று தட்டிப் பாருங்கள், தடுக்கிறதா? ஒரே நேரத்தில் சில நூறு அலாரங்களை எழுப்பி, பட்டியலில் முதல் வரியில் எது நிற்கிறது என்று பாருங்கள். இரட்டைச் சர்வர் இருந்தால் ஒன்றின் மின்சாரத்தை நிறுத்தி, வரலாற்றுப் பதிவில் எத்தனை நொடி ஓட்டை விழுகிறது என்று பாருங்கள். வெற்றுக் கணினி ஒன்றில் காப்புப் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுக்கவும் சொல்லுங்கள்.

இந்தச் சோதனையின்போது நாற்காலியில் பொறியாளரோ மேலாளரோ உட்கார வேண்டாம். இரவு ஷிப்ட் பார்க்கிற ஆபரேட்டரை உட்கார வையுங்கள். அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே, அவருக்குச் சொல்லாமல் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். டேங்கின் எண்ணை இனி நம்ப முடியாது என்று அவர் சொல்லும்வரை கடிகாரம் ஓடட்டும். எத்தனை நொடி ஆனது என்பதை ஒப்பீட்டு அட்டவணையின் முதல் வரியில், விலைக்கும் மேலே எழுதுங்கள்.